வருடத்தைக் குறைக்கும் கட்டம்

ஸ்பெயினில் இருக்கும் எங்கள் வீட்டுக் கடன் முடிந்துவிட்டதாக வங்கியிலிருந்து கடிதம் வந்த அன்று, அப்பா அதற்குச் சந்தனம் தடவிப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தார். இருபது வருடக் கடனை ஒன்பது வருடத்தில் கட்டி முடித்திருந்தோம். அம்மா குசினிக் கதிரையில் இருந்தபடி முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும், கடன் முடிஞ்சுதாம்!" என்று அப்பா கத்தினார்.

"ஓம், கேட்டது" என்றார் அம்மா.

ஒஷாவாவில் அப்பா வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த மாதமே, ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தில், கழுத்தில் ரை கட்டிய ஒருவர் பெரிய திரையில் ஸ்பெயின் கடலைக் காட்டி வீடு விற்றார். கொத்துரொட்டியும் கொடுத்தார்கள். டோர்செட் பார்க்கில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் வாடகைக்கு இருந்த அப்பா, அந்தக் காசை முற்பணமாகக் கட்டிவிட்டு வந்து, "இஞ்சை ஒரு கராச் வாங்கேலாத காசுக்கு அங்கை வீடு" என்றார். ஓர் அறை, ஒரு பல்கனி, மூன்றாம் மாடி. எலிவேற்றர் இல்லாத கட்டடம். அதனால்தான் மலிவு.

அம்மாவுக்கு அப்போதே முழங்கால் நோ. வெயிலுக்குள் போய் இருந்தால் மாறும் என்று அப்பா சொன்னதை அவர் நம்பினார். அவர் கேட்டது ஒன்றுதான்.

"மூண்டு மாடி எண்டால் இப்ப ஏறுவன். கால் விடுறதுக்கு முன்னம் ஒருக்காப் போய் பால் காய்ச்சிப்போட்டு வருவம்."

"கடன் முடியட்டும்" என்றார் அப்பா. "பாங்க்காரன்ரை வீட்டிலை நீர் ஏன் பால் காய்ச்சுறீர்?"

அதுதான் எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று. கடன் முடியாமல் புதுமனைப் பால் இல்லை, பால் இல்லாமல் பயணமும் இல்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். ஸ்பெயினிலிருந்து வரும் கடிதங்களை அப்பா உறை பிரிக்காமலே என்னிடம் நீட்டுவார். "படிச்சனி, நீ பார்." நான் பார்த்தேன். ஸ்பானிய மொழியைக் கணினியில் போட்டு மாற்றி, வரி வரியாக வாசித்தேன். கடனை முன்கூட்டியே கட்டலாம், அதற்கு வங்கி எடுக்கும் கட்டணம் மிகச் சிறியது என்று கண்டுபிடித்தவன் நான்தான். அன்றைக்கு அப்பா எனக்குத் தன் கையால் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

மேலதிகமாக ஒரு தொகை கட்டும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் அடையாளம் போட்டால் மாதத் தவணை குறையும். மற்றதில் போட்டால் தவணை அப்படியே இருக்க, கட்ட வேண்டிய வருடங்கள் குறையும். வட்டியில் அதிகம் மிச்சமாவது இரண்டாவதில்.

முதல் படிவத்தை நிரப்பும்போது அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றார். மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் இடத்தில் அவருக்கு வேலை. கிழமையில் ஐந்து நாள், அதோடு கடனுக்காகச் சனிக்கிழமையும்.

"மாசக் காசைக் குறைச்சால் நான் சனிக்கிழமையை விடலாமெல்லோ, தம்பி? மிச்சம் பிடிச்சு ஒரு ரிக்கெற்றும் எடுக்கலாம்."

நான் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, நான் போட்ட அட்டவணையைக் காட்டினேன். அவரால் அதை வாசிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, நீங்கள் ஆசையிலை கதைக்கிறியள். நான் கணக்கிலை கதைக்கிறன்" என்றேன்.

வருடத்தைக் குறைக்கும் கட்டத்தில் அடையாளம் போட்டேன். ஒவ்வொரு தை மாதமும் போட்டேன். என் பகுதி நேர வேலைக் காசு, அப்பாவின் சீட்டுக் காசு, அம்மாவின் சனிக்கிழமைகள் எல்லாம் அதற்குள் போயின.

குளிர்காலத்தில் அந்த வீட்டில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வாடகைக்கு இருந்தது. ஒரு வருடம் அவர்கள் ஒரு படம் அனுப்பினார்கள். பல்கனிக் கம்பியில் வெறுங்காலைத் தூக்கிப் போட்டபடி அந்தக் கிழவி. பின்னால் கடல். அம்மா அதைத் தன் கைத்தொலைபேசியில் போட்டுத் தரச் சொன்னார். விரலால் பெருப்பித்துப் பார்ப்பார். கடலை அல்ல, அந்தக் கால்களை.

அந்த நாட்களில் அம்மா ஞாயிறுகளில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடிவரை படியால் ஏறுவார். ஐம்பத்திநாலு படி. அங்கிருந்து எலிவேற்றரில் பதினோராம் மாடிக்கு வருவார். ஒருநாள் கீழ்த்தளத்துக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் வியர்த்துப்போய் இருந்தவரை நான் கண்டேன்.

"என்ன விசர் வேலை இது? ஆக்கள் பாக்கினம்."

"ஸ்பெயினுக்குப் பழகிறன், தம்பி."

இரவுச் சாப்பாட்டில் அதை அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினார். "உமக்கொரு மெடல் குத்திவிடுவம்" என்றார். அம்மாவும் சிரித்தார். எனக்கு இன்னொரு கரண்டி கறி போட்டார்.

ஐந்தாவது வருடம், றிச்மண்ட் ஹில் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றோம். அம்மாவோடு வேலை செய்யும் ஓர் அன்ரி பின்னால் வந்து சேர்ந்தார்.

"தம்பி, விடியப் பல்கனிக் கதவைத் திறந்தால் கடல் காத்து முகத்திலை அடிக்குமாமே. அம்மா சொல்லச் சொல்ல எங்களுக்கு வேலையே ஓடாது. இந்த வருசமும் போறியளோ?"

அம்மா என் கையைப் பிடித்தார். எனக்குப் பொய் பிடிக்காது. படித்தவன் என்றால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று நம்பியிருந்தேன்.

"இந்த வருசமுமோ? அம்மா ஒருக்காலும் போகேல்லை, அன்ரி. படம்தான் பாத்தவ."

அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அட அக்கா! அப்ப இவ்வளவு நாளும் எங்களுக்கு ரீலோ விட்டனீங்கள்?"

அதற்குப் பிறகு வேலையிடத்தில் அம்மாவுக்குப் பெயர் ஸ்பெயின்காரி. ஈரத் துணி வண்டில் வந்தால், "ஸ்பெயின்காரி, உங்கடை கடல் வருகுது, தள்ளுங்கோ" என்பார்களாம். இதையும் அம்மா ஒருநாள் சிரித்தபடிதான் சொன்னார். "உதுக்கெல்லாம் ஏன் கவலைப்படுறியள்? இன்னும் நாலு வருசம்தான்" என்றேன்.

அடுத்த குளிருக்குள் அவர் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். நான் அதைக் கவனித்தேன். நல்லது, விசர் விட்டது என்று நினைத்தேன். அந்தத் தை மாதமும் அதே கட்டத்தில் அடையாளம் போட்டேன்.

கடிதம் வந்த அன்றைக்கு அப்பா மூன்று ரிக்கெற் பார்க்கச் சொன்னார். அம்மா எண்ணெய்ப் போத்தலை மூடினார்.

"ரண்டு போடு, தம்பி. நான் பஸ்சிலை ஏறவே டிறைவர் படியைக் கீழை பதிச்சு விடவேணும்."

"தூக்கிக்கொண்டு போவம்" என்றார் அப்பா.

"நான் என்ன மூட்டையோ?"

"அம்மா, இனிச் சனிக்கிழமை வேலைக்குப் போகத் தேவையில்லை" என்றேன்.

"வீட்டிலை இருந்து என்ன செய்ய?"

அந்தச் சனிக்கிழமையும் போனார்.

அப்பாவும் நானும் ஸ்பெயினுக்குப் போய்ப் பால் காய்ச்சினோம். பாலைப் பொங்கவிடத் தெரியாமல் அப்பா அடிப்பிடிக்க வைத்தார். கீழிருந்து மூன்றாம் மாடிவரை படிகளை நான் எண்ணினேன். அதுவும் ஐம்பத்திநாலுதான்.

திரும்பி வந்த வெள்ளிக்கிழமை, கோயில் வரிசையில் அதே அன்ரி.

"ஸ்பெயினுக்குப் போனியளாம். இந்த முறையாவது மெய்யாப் போனனீங்களோ, அக்கா?"

அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"தம்பியைக் கேளுங்கோ. அவர் பொய் சொல்லமாட்டார்."

அன்ரி என் முகத்தைப் பார்த்தார். வரிசை நகர்ந்து எங்களுக்கு முன்னால் இடைவெளி விழுந்தது.

"போனவ, அன்ரி" என்றேன்.

"கடலைச் சொல்லு" என்றார் அம்மா.

"பல்கனியிலை நிண்டால் தெரியும், அன்ரி. நல்ல காத்து."

"படி எத்தினை எண்டும் சொல்லு."

"ஐம்பத்திநாலு."

"அம்மாடி! இந்தக் காலோடை எப்பிடி அக்கா ஏறினனீங்கள்?"

"தம்பிதான் ஏத்தினவர்" என்றார் அம்மா. பிறகு தட்டை எடுத்து என் கையில் தந்து, "நட" என்றார்.