கேலன் ஸ்ட்ரான்டின் தண்ணீர்

ட்வைலா ஹாட்நெட் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். அமெரிக்காவில், வயோமிங்கில், துப்பாக்கி வேட்டை சீசன் தொடங்கும்போது பள்ளிக்கூடமும் திறந்துவிடும். அவளுக்கு லீவு கிடைக்காது. ஆகஸ்டில் வில் வேட்டைக்கென்று மட்டும் விடுகிற நாட்கள்தான் அவளுக்கு வாய்த்தவை. பல வருஷம் குலுக்கலில் பெயர் போட்டு, இந்த வருஷம்தான் கவைக்கொம்பு மானுக்கு அனுமதிச் சீட்டு விழுந்தது. இதை விட்டால் மறுபடி எப்போது விழும் என்று சொல்வதற்கில்லை.

திட்டத்தில் அவள் குறை வைக்கவில்லை. வெகு தூரத்திலிருந்தே ஆளைக் கண்டுகொள்கிற மிருகத்தை மொட்டைக்காட்டில் ஊர்ந்து போய் அம்பால் அடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அது தண்ணீருக்கு வருகிற இடத்தில் கூடாரம் அடித்து மறைந்து உட்கார வேண்டும். பொது நிலத்தில், மாட்டுக்கென்று வைத்த தொட்டி ஒன்றைப் பார்த்து வைத்தாள். புதிதாக எது முளைத்தாலும் மான் மிரளும் என்பதால் ஜூலையிலேயே கூடாரத்தை அடித்து, பழகட்டும் என்று விட்டுவிட்டாள். வீட்டுக் கொல்லையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்பு விட்டுப் பழகினாள். கூடாரத்துக்குள் எழுந்து நிற்க முடியாதே.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. புருஷன் மெர்ல் சொல்லிப் பார்த்தான்.

“அங்க மாடு மேய்க்கிறது கேலன் ஸ்ட்ரான்ட். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு.”

“எதுக்குக் கேக்கணும்? அது கவர்மென்ட் நிலம். அவருக்கு இருக்கிற உரிமை எனக்கும் இருக்கு.”

“இல்லேன்னு யாரு சொன்னா? வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?”

“எங்கப்பா கேட்டுப் பட்டதே போதும்.”

அந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். வேட்டைக்குப் போக அவர்கள் நிலம் வழியாக விடச் சொல்லிக் கேட்கப் போன அப்பாவை ஸ்ட்ரான்ட் குடும்பம் வாசலிலேயே விரட்டிவிட்டது. அன்றிலிருந்து பண்ணைக்காரன் எவனிடமும் அவர்கள் எதையும் கேட்பதில்லை. கோடை முழுக்க, கேலனின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்தால் ட்வைலா புதருக்குள் குனிந்துகொள்வாள். இத்தனைக்கும் அவள் கூடாரம் ஊருக்கே தெரியும்படி நின்றது.

சீசன் தொடங்கிய அன்று விடியுமுன் போனாள். தொட்டி காய்ந்து கிடந்தது. அடியில் பாசி உலர்ந்து வெடித்திருந்தது. மாடு ஒன்றுகூட இல்லை. மத்தியானம் வரை பிடிவாதமாகக் கூடாரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தால் கேலன் நிற்கிறார்.

“மாட்டையெல்லாம் மேற்கே ஓட்டியாச்சு. மாடு போனா தொட்டிக்குத் தண்ணி விடுற பம்பை நிறுத்திடுவேன்,” என்றார். “உன் கூடாரத்தப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடவிட்டிருப்பேனே.”

“உங்க வீட்டுல எங்களுக்குக் கிடைச்ச மரியாதை போதாதா? எங்கப்பாவ வாசல்லயே விரட்டுனவங்கதானே நீங்க.”

கேலன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“உங்கப்பாவா? கேட்டுக்கு வெளிய வண்டிய நிறுத்தினாரு. நானும் எங்கப்பாவும் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு இருந்தோம். எங்கம்மா காப்பிகூட போட்டாங்க. மனுஷன் இறங்கவே இல்ல. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு.”

ட்வைலாவுக்குச் சுருக்கென்றது. பொய் சொல்கிறார் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா உட்கார்ந்திருப்பது அவளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. இந்தக் கோடை முழுக்க அவளும் அதைத்தானே செய்தாள்.

கேலன் வண்டியைக் கிளப்பினார். அவள் ஓடிப்போய் வண்டியின் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஸ்கூல் திறக்கிற வரைக்கும் பம்பைப் போட்டு விடுறீங்களா?” என்று கேட்டாள்.