மாலை வண்டிக்கு ஒரு மனு

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் போல்ட், நட்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். பேக்கிங் பிரிவுப் பெண்களில் பலர் என்னைப் போலவே கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் வருபவர்கள். மாலையில் சங்கு ஊதி நாங்கள் ஸ்டேஷனுக்கு ஓடுவதற்குள் பாசஞ்சர் வண்டி கிளம்பிவிடும். அடுத்த வண்டி வரும்போது நன்றாக இருட்டியிருக்கும்.

எங்களைக் கொஞ்சம் முன்னால் விடச் சொல்லி மேனேஜருக்கு மனு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ‘மேன்மை தங்கிய ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு’ என்று தொடங்கி, ஏழைகள், அபலைகள், கருணைக் கடல் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கினேன். சாப்பாட்டு வேளையில் பெருமையோடு படித்துக் காட்டினேன். பேக்கிங்கில் எல்லோருக்கும் மூத்த அக்கா முகத்தைச் சுளித்தாள்.

“இன்னாம்மா இது? கோயில் வாசல்ல குந்திக்கினு கேக்கறாப்ல கீது.”

“வேற எப்படிக்கா எழுதறது?”

“என் புள்ள தூங்கனப்புறம்தான் நான் ஊட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கெழம பகல்ல என்னப் பாத்தா, யாரோன்னு பக்கத்து ஊட்டுக்காரி பின்னால போய் ஒளியுது. அத்த எழுது.”

அப்படியே எழுதினேன். எழுதும்போது இன்னொன்றும் தோன்றியது. காலை வண்டி எங்களைச் சீக்கிரமே கொண்டுவந்து விட்டுவிடும். கேட் திறக்கும்வரை வெளியே சும்மா நிற்போம். அந்த நேரத்திலேயே வேலையைத் தொடங்குகிறோம், மாலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சேர்த்தேன். பொற்பாதங்களை அடித்துவிட்டேன். கருணைக் கடலை விட மட்டும் மனம் வரவில்லை. முதல் கையெழுத்தை அக்கா போட்டாள்.

அடுத்த வாரமே அனுமதி வந்தது. எல்லோரும் வண்டியைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. எந்த வரி அவரை அசைத்தது? கடிதங்களில் கையெழுத்து வாங்கப் போனபோது மேனேஜரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் பேனாவை மூடினார். “மொதல்ல அந்தம்மா கையெழுத்தைத்தான் பார்த்தேன். எதுக்கும் வந்து நிக்காதவங்க. அவங்களே கேக்கறாங்கன்னா படிச்சுப் பார்க்கணும்னு தோணிச்சு. குழந்தை ஒளியறதைப் படிச்சதும் உங்களை முன்னாடியே விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

“அப்ப காலை வண்டி விஷயம், சார்?”

“அது மெட்ராஸ்ல இருக்கற முதலாளிக்கு. அவர்கிட்ட குழந்தையைப் பத்திச் சொன்னா, வேற ஆளைப் போடும்பார். வேலை முன்னாடியே ஆரம்பிக்கும்னு மட்டும் சொன்னேன், சரின்னுட்டார்.”

“கருணைக் கடல்?”

“அது எங்கே இருந்தது?” என்று நிஜமாகவே கேட்டார்.

ரயிலில் அக்காவிடம் சொன்னேன். முதலாளியிடம் தன் பிள்ளையைப் பற்றிப் பேச்சே எழவில்லை என்றதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. பிள்ளையைப் பற்றிய அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கும் இருந்தது.

சில மாதம் கழித்து, பெண்களுக்குக் கக்கூஸ் கட்டித் தரச் சொல்லி இன்னொரு மனு எழுத உட்கார்ந்தோம். நான் தாளை எடுத்ததும் அக்கா தடுத்தாள்.

“இரு. இந்த தபா யாரு படிக்கப் போறாங்க? அத்த மொதல்ல சொல்லு.”