நல்ல தண்ணீரும் பேட்டரித் தண்ணீரும்

கப்பலில் இயந்திரப் பொறியாளராக இருந்த காலத்தில் என் பொறுப்புகளுள் முதன்மையானது, கடல்நீரைக் காய்ச்சி வடித்த நீரில் உப்பு கலந்துவிடாமல் காப்பது. வடிகலத்தின் வாயிலில் ஓர் உப்புமானி இருக்கும். உப்பு வரம்பை மீறினால் அது அலறும். உடனே வால்வு திரும்பி, அந்த நீர் குடிநீர்த் தொட்டிக்குப் போகாமல் கடலுக்கே போய்விடும். என் தொட்டியில் உப்பு நுழைந்ததாக எந்தக் கப்பலிலும் எவரும் சொன்னதில்லை. எங்கள் ஊரான விருத்தாசலத்தில் இதை அறியாதவர் குறைவு, நானே சொல்லியிருக்கிறேன்.

சென்ற தை மாதம், என் மகனுக்குப் பேசிய பெண்ணின் தாயார் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வீடு பார்க்க வந்தார். எல்லாம் பிடித்திருந்தது, ஒன்றைத் தவிர.

"ஒங்க ஊர்ல உப்புத் தண்ணின்னு சொல்றாங்களே சார்? எம்பொண்ணுக்கு முடி இடுப்பு வரைக்கும் இருக்குது. கொட்டிப்போச்சுன்னா?"

சம்பந்தம் அந்தக் கேள்வியில் நின்றது. என் தொழில் மானமும் நின்றது.

பிரஷர் குக்கரில் செப்புக்குழாய் பொருத்தி நானே வடித்து வைத்திருந்த நீரைப் பீங்கான் கோப்பையில் ஊற்றி, சட்டைப்பையிலிருந்த பேனா போன்ற உப்புமானியை அதில் நனைத்துக் காட்டினேன். பூஜ்யம்.

அம்மையார் ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"சப்புன்னு இருக்குதே! இது பேட்டரிக்கு ஊத்துற தண்ணியில்ல?"

"சுத்தமான தண்ணி அப்படித்தாங்க இருக்கும்."

"வர்றது பொண்ணு சார், காரு இல்ல."

என் மனைவி உள்ளே சென்று, குழாய்த் தண்ணீர் ஒரு சொம்பு பிடித்து வந்து நீட்டினாள். அம்மையார் அண்ணாந்து முழுவதையும் குடித்தார்.

"இதுதான் நல்ல தண்ணி! தலைக்கும் இதானா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இதான்," என்று மனைவி திரும்பி நின்று, தன் கனத்த பின்னலைக் காட்டினாள்.

அம்மையார் அதைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பேனாவ இதுலயும் வுட்டுக் காட்டுங்க, சம்பந்தி."

சம்பந்தி என்று சொல்லிவிட்டார்! கருவியோ கப்பல் வரம்புக்கு அலறும்படி வைக்கப்பட்டது; எங்கள் குழாய்த் தண்ணீரின் உப்பு அந்த வரம்பைத் தாண்டும். அலறினால் கடலுக்குப் போவது தண்ணீராக இராது.

"பேட்டரி தீந்துபோச்சுங்க," என்றேன்.

"அப்ப ஒங்க தண்ணிய அதுக்கு ஊத்துங்க!"

அன்றே வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் தெளிவுபடுத்த வேண்டும். கப்பலிலும் வடிநீரைத் தாது உப்புகள் சேர்த்த பின்னரே குடிக்கத் தருவோம். ஆகவே என் மனைவி செய்தது முழுக்கக் கப்பல் நடைமுறையே. என் வடிநீரும் வீணாகவில்லை. அதன் தரம் அறிந்து எங்கள் இன்வெர்ட்டர் குடிக்கிறது.