கிறிஸ்துமஸுக்கு வந்த கெண்டை

எங்கள் தெருவில் மாடி வைத்த வீடு எங்களுடையது ஒன்றுதான். நெல் விற்ற காசில் ஆசையாகக் கட்டிவிட்டார்களே தவிர, அதில் யார் இருப்பது என்று தெரியாமல் வேர்க்கடலை காயப்போட்டிருந்தோம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக முளைத்த கம்பெனி ஒன்றுக்கு மெஷின் பூட்டித் தருவதற்காக வெளிநாட்டிலிருந்து ஓர் இன்ஜினியர் குடும்பத்தோடு வந்தார். அதே கம்பெனியில் ஃபிட்டராக இருந்த சித்தப்பா வேர்க்கடலையை அள்ளி மூட்டை கட்டிவிட்டு அவர்களை மாடியில் குடிவைத்தார். எழுபதுகளின் கடைசி அது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன்.

அவர்கள் நாடு செக்கோஸ்லோவாக்கியா. புதுவாயல் கூட்டு ரோட்டு டீக்கடையில் அந்தப் பெயரை ஒரு தடவைகூடத் தடுக்காமல் சொல்லிக்காட்டி சித்தப்பா பந்தயத்தில் ஒரு டீ ஜெயித்தார். மற்றவர்களுக்கு அந்த வம்பே வேண்டாமென்று அவர் துரை, அவர் மனைவி துரைசாணியம்மா என்று முடித்துக்கொண்டோம். அவர்களுடைய பெண்ணுக்கு என் வயதுதான். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமலேயே ஏழாங்கல் ஆடுவோம். அவள் அழுகுணி ஆட்டம் ஆடினால் சண்டை போடவும் பாஷை தேவைப்படவில்லை.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் துரைசாணியம்மா பண்டிகை வேலையைத் தொடங்கினார். உறவு சனம், கடை கண்ணி எதுவும் இல்லாத ஊரில் ஒற்றை ஆளாக ஒரு பண்டிகையை எழுப்பி நிறுத்த முடியும் என்பதை அந்த வாரம்தான் பார்த்தேன். எங்கள் போரிலிருந்து வைக்கோல் கேட்டு வாங்கினார். அதை ஊறவைத்து, பிளந்து, இஸ்திரி போட்டுத் தட்டையாக்கி, சிவப்பு நூலால் கட்டினால் நட்சத்திரம். வைக்கோலுக்கு மாட்டின் வாயைத் தவிர வேறு போக்கிடம் உண்டு என்று எங்கள் குடும்பம் அன்றுதான் அறிந்தது. அடுப்பில் பெரிய அலுமினியப் பாத்திரத்தை வைத்து, அடியில் மணல் பரப்பி, மூடி மேல் நெருப்பு அள்ளிப் போட்டுப் பிறை வடிவத்தில் பிஸ்கட் சுட்டார். முதல் ஈடு கரி. இரண்டாவது ஈடு பாதிக் கரி. மூன்றாவது ஈட்டை அம்மா வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "இவ பொம்பளடி!" என்று என்னிடம் சொன்னாள். அம்மா அவ்வளவு சுலபத்தில் யாரையும் அப்படிச் சொல்பவள் இல்லை.

கிறிஸ்துமஸ் மரத்துக்குக் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு சவுக்கின் நுனியை வெட்டி ஜீப்பில் கொண்டுவந்தார்கள். எல்லாம் கூடி வந்த பிறகு மீதி இருந்தது மீன்.

சித்தப்பாதான் சோழவரம் ஏரிக்குப் போய், தண்ணீர் நிறைந்த டின்னில் உயிரோடு ஒரு கெண்டையைக் கம்பெனி வேனில் கொண்டுவந்து இறக்கினார். என் கை நீளத்துக்கு இருந்தது. கொல்லைப்புறம் கிணற்றடியில் நாங்கள் குளிக்கவும் துவைக்கவும் தண்ணீர் நிரப்பும் சிமெண்டுத் தொட்டியைத் துரைசாணியம்மா முந்தின நாளே தேய்த்துக் கழுவி வைத்திருந்தார். கெண்டை அதில் விடப்பட்டது. நாங்கள் பம்புசெட்டுக்குக் குளிக்கப் போனோம்.

"இன்னாத்துக்குப்பா உசுரோட கொண்டாந்த?" என்று அம்மா கேட்டாள்.

"பண்டிகைக்காம் அண்ணி. நல்ல தண்ணில கொஞ்ச நாள் வெச்சிக்கினு இருப்பாங்களாம். எனக்குப் புரிஞ்சது அவ்ளோதான். மேல கேட்டு என்னை பேஜார் பண்ணாத" என்று சொல்லிவிட்டு சித்தப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

அம்மாவுக்கு மேலே கேட்கத் தேவை இருக்கவில்லை. திருவள்ளூர் கோயில் குளத்தில் அமாவாசைக்கு அமாவாசை வெல்லம் கரைத்து, மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு வருகிறவள் அவள். பண்டிகைக்காகச் சுத்தமான தண்ணீரில் விட்டுப் பார்த்துக்கொள்ளும் மீன் சாமி மீனாகத்தான் இருக்க வேண்டும். மறுநாள் விடியலில் வாசல் கோலம் முடிந்த கையோடு தொட்டியைச் சுற்றியும் கோலம் போட்டாள். விளிம்பில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். பொரி போட்டாள். ஒரு கட்டி வெல்லத்தையும் கரைத்துவிட்டதில் தொட்டியைச் சுற்றி எறும்பு சாரை கட்டியது.

சேற்று நாற்றம் போவதற்காக அந்த மீனைப் பட்டினி போட்டிருந்தார்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. துரைசாணியம்மாவோ மஞ்சளையும் கோலத்தையும் பார்த்து, தன் பண்டிகைக்காகத்தான் வீட்டுக்காரம்மா அலங்காரம் செய்திருக்கிறாள் என்று உருகிப்போனார். ஓடிப்போய் ஒரு வைக்கோல் நட்சத்திரம் கொண்டுவந்து தொட்டிக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டார். அம்மாவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

"அவங்க சாமி நம்ம ஊட்டுத் தொட்டிக்கு வந்துகினுகிது" என்று தெருவில் சொன்னாள். தெருவே வந்தது. பெண்கள் பொரி போட்டார்கள். ஒருத்தி கற்பூரம் காட்டினாள். அவள் புருஷன் குழந்தையைத் தூக்கி மீனைக் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னான். துரைசாணியம்மா ஒவ்வொருவருக்கும் ஒரு பிறை பிஸ்கட் கொடுத்தார். பிரசாதம் என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பண்டிகைக்கு முந்தின நாள்தான் அவர்களுக்கு முக்கியமான நாள். அன்று வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிகிறவரை வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லையாம். சின்னப் பெண்ணும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அம்மா இட்லியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அந்தப் பெண் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டிவிட்டாள். துரைசாணியம்மா சிரித்துக்கொண்டே வானத்தைக் காட்டினார்.

"கிருத்திகைக்கு நாம விரதம் இருக்கிறதில்லையா? அது மாதிரிதான்" என்றார் நைனா. அப்பாவை நைனா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம்.

"நாம இருக்கலாம். பச்சப் புள்ள இருக்கலாமா?" என்றாள் அம்மா. இட்லியைத் திருப்பிக் கொண்டுவந்து மூடி வைத்தாள். மத்தியானம் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலத்துக்கு முன்னால் துரைசாணியம்மா முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு, கத்தியும் மரச் சுத்தியும் பெரிய பேசினுமாகக் கிணற்றடிக்கு வந்தார். தொட்டி கழுவ வந்திருக்கிறார் என்று அம்மா துடைப்பத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் தனக்குத் தெரிந்த தமிழை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, "மீன். சாப்பாடு. இன்னிக்கி" என்றார்.

அம்மா துவைக்கிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மீனைக் கொல்வது அவர்கள் வீட்டில் துரையின் வேலை. ஆனால் அன்று பார்த்துப் புது மெஷின் மக்கர் செய்தது. துரையும் சித்தப்பாவும் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது என்று ஜீப் டிரைவர் வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டான். துரைசாணியம்மா தானே தொட்டிக்குள் கையை விட்டார். பொரியும் வெல்லமும் தின்ற கெண்டை ஓர் எகிறு எகிறியதில் அவர் தலையோடு கால் நனைந்தார். கத்தி தொட்டிக்குள் போனது. மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. கடைசியில் சுத்தியை ஓங்கினவர், மீனின் கண்ணைப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டார்.

நைனாவைப் பார்த்தார். நைனா பின்னால் நகர்ந்து, "இந்த வருசம் நான் ஒரு உசுரும் எடுக்கிறதில்ல" என்றார். தெருவில் ஆள் கூப்பிட்டோம். ஏரி மீன் என்றால் முள்ளைக்கூட விட்டுவைக்காதவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கற்பூரம் காட்டியவளின் புருஷன், "எம் பொண்டாட்டி கும்புட்ட மீனு. அதைப் போயி நான் எப்டி அறுக்கிறது? சோறு எறங்குமா எனக்கு?" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

இதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. அந்தப் பெண் மாடிப்படியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தென்னைக்கு மேலே நட்சத்திரம் தெரிந்ததும் கையை நீட்டிக் கத்தினாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். மீன் இன்னும் நீந்திக்கொண்டிருந்தது. துரைசாணியம்மா ரொட்டியை எடுத்துவந்து கெஞ்சினார். மீன் இல்லாமல் விரதத்தை முடிக்க மாட்டேன் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. சத்தமில்லாமல் அழுதாள். நனைந்த துணியோடு பக்கத்தில் உட்கார்ந்து அவள் அம்மாவும் அழுதார். அந்த வாரம் முழுக்க கரிந்த பிஸ்கட்டுக்குக்கூட முகம் சுளிக்காத மனுஷி.

எனக்கு அப்போது தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அம்மா அப்போது உண்டாகி ஐந்தாம் மாதம். எனக்குப் பிறகு இரண்டு வயிற்றில் தங்கவில்லை. இந்த முறை தங்க வேண்டும் என்றுதான் அமாவாசை தவறாமல் குளத்துக்குப் போனாள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் புருஷன் உயிர் எடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நைனா பின்வாங்கியதும் அதனால்தான். அவரே எடுக்கக் கூடாதென்றால் சுமக்கிறவளைக் கேட்கவே வேண்டாம். அன்றுவரை வயிற்றில் அசைவு வேறு தெரியவில்லை என்று அவள் பயந்துகொண்டிருந்தாள்.

அம்மா எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அடுப்படியிலிருந்து அரிவாள்மனையும் ஒரு கை சாம்பலும் எடுத்துவந்தாள்.

"ஏய், இன்னா பண்ற நீ? வேணாம், சொன்னா கேளு" என்று நைனா குறுக்கே வந்தார்.

"சாமின்னு ஊரைக் கூட்டி கும்புட வெச்சது நானு. இப்போ அந்தப் புள்ள பட்டினியா நிக்கிது. வேற யாரு செய்வாங்க? நவுரு."

நைனா நகர்ந்தார். அம்மாவுக்குப் பயந்து அவர் நகர்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். நான் பாதிதான் திரும்பினேன். தொட்டித் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாம்பல் கையால் கெண்டையைச் செவுளோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். துவைக்கிற கல்லில் ஒரே அடி. அதற்குப் பிறகு வாரா வாரம் மீன் அறுக்கிற கைதான், தடுமாறவில்லை. துண்டுகளைப் பேசினில் போட்டுத் துரைசாணியம்மாவிடம் கொடுத்துவிட்டு, கிணற்றடியிலேயே தலைக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். குளிரில் உடம்பு நடுங்குகிறது என்று நான் துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ரஸ்க்கைப் பொடித்து அதில் புரட்டி மீனைப் பொரித்தார்கள். அவர்கள் மேசையில் எப்போதும் ஒரு தட்டு அதிகம் வைப்பது வழக்கமாம், யார் வந்தாலும் உட்காரட்டும் என்று. துரைசாணியம்மா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து அந்தத் தட்டின் முன்னால் உட்காரவைத்தார். மார்கழி என்று அம்மா மீனைத் தொடவில்லை. உருளைக்கிழங்கும் பிறை பிஸ்கட்டும் சாப்பிட்டாள். அந்தப் பெண் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, "முள்ளு, முள்ளு, மெதுவா" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பாதிச் சாப்பாட்டில் துரையும் சித்தப்பாவும் கிரீஸ் கையோடு வந்து சேர்ந்தார்கள். "யாரு அறுத்தது?" என்று சித்தப்பா கேட்டார். நான்தான் பெருமையாகச் சொன்னேன். சித்தப்பாவின் முகம் மாறியது. தனக்கு வந்த இங்கிலீஷில் துரைசாணியம்மாவிடம் ஏதோ சொன்னார். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, அம்மாவின் நாற்காலிப் பக்கத்தில் மண்டிபோட்டு, அவள் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவர் பாஷையில் நெடுநேரம் பேசினார். பேசப் பேசக் கண்ணீர் வழிந்தது. அவர்கள் ஊரில் விருந்தாளிக்கு அப்படித்தான் நன்றி சொல்வார்கள் போல என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது கெடக்குது உடும்மா. உம் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு துண்டு வையி" என்றாள் அம்மா.

சாப்பிட்டுவிட்டு அம்மாவும் நானும் கீழே இறங்கினோம். மேலே அவர்கள் பாடத் தொடங்கியிருந்தார்கள். பாதிப் படியில் அம்மா சட்டென்று நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது.

"இன்னாம்மா?" என்றேன்.

"பேசாத. சும்மா இரு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தாள். பிறகு அவளாகவே சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. கையை மட்டும் வயிற்றிலிருந்து எடுக்கவில்லை.

பழக்கமில்லாத உருளைக்கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் ஓமத் தண்ணீர் எடுத்துவர உள்ளே ஓடினேன்.