நாடோடிக்கு ஒரு பங்கு

குருமடத்தில் லத்தீன் படித்துப் பாதியில் திரும்பி வந்தவன் நான். இப்போது போர்ட் பிளேயரில் கப்பல் டிக்கெட் கொடுக்கிறேன். அந்தப் படிப்பால் சல்லிக்காசு பிரயோசனமில்லை. ஆனாலும் பழைய அகராதியைப் புரட்டுவதை விடவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து புரட்டியபோது 'நோமாஸ்' கண்ணில் பட்டது. நாடோடி என்று பொருள். பன்மை 'நோமதேஸ்'. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம். ரோமானியர்கள் பெரும்பாலும் பன்மையில்தான் எழுதியிருக்கிறார்கள். தனியாக அலைகிறவனைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? சொல் கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கியது. அங்கே அதன் வேர் மேய்ச்சல். அதற்கும் அடியில் பங்கிட்டுக் கொடுப்பது என்ற பொருள் இருக்கிறது.

எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து, இங்கே புரோத்ராபூரில் தகர வீடு கட்டியவர். எனக்கு நரை விழுந்த பிறகும், "அடுத்த சீசன் மெயின்லேண்ட் போயிருவோம்" என்பதை அவர் நிறுத்தவில்லை. அதனால் வீட்டைச் சுற்றி மிளகாயும் வெண்டையும் மட்டும்தான். சீசனைத் தாண்டி நிற்கும் எதையும் நட விடமாட்டார். அம்மாவுக்கு ஒரே ஆசை, ஒரு தென்னை. கேட்டால், "எவன் பறிக்கதுக்கு? பஸ், போதும், விடு" என்று இந்தி கலந்து சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

இந்த வருடம் ஊரில் குடும்ப நிலத்தைப் பிரிப்பதாகத் தகவல் வந்தது. பங்கை வாங்கி அங்கேயே வீடு கட்டுவதென்று கிளம்பினார். கிடைத்துவிட்டால் அம்மாவும் போயாக வேண்டும். கப்பல் துறைமுகத்தை விட்டதும், அம்மா பக்கத்து வங்காளி வீட்டில் ஒரு தென்னங்கன்று வாங்கி வந்து கிணற்றடியில் நட்டாள்.

அப்பா அடுத்த கப்பலிலேயே திரும்பினார். தம்பிமார் ஏற்கெனவே பிரித்துக்கொண்டார்களாம். "அந்தமான்காரனுக்கு இங்க எதுக்குப் பங்கு" என்று கேட்டார்களாம். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

கை கழுவப் போனவர் கன்றைப் பார்த்துவிட்டார். அம்மா வாசலில் நின்றாள். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இது காய்க்க எத்தன வருசம் ஆவும்?"

"காய்க்கும்போது காய்க்கட்டும். நீரு இங்கதான இருப்பீரு," என்றாள் அம்மா.

மறுநாள் காலை நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது, அப்பா பழைய வலை ஒன்றை அறுத்துக் கன்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆடு மேஞ்சிரும்லா," என்றார், என்னைப் பார்க்காமல்.