ஏழு புளியங்கொட்டைகள்

மனிதர்களின் செலவையும் மனசையும் ஆராயும் எங்கள் சர்வே வேலையில் கேள்வி கேட்பது சுலபம்; பதில் சொல்ல வேண்டியவரைத் தனியாகப் பிடிப்பதுதான் பெரும்பாடு. கேள்வித்தாளோடு தெருத்தெருவாக அலைந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

யார் பதில்?

இருபது வருஷம் வெளிநாட்டில் இதே வேலை பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் திரும்பிய புதிது. திருக்கடையூர் பக்கம் ஒரு வீட்டில் இருந்த அம்மாவிடம், "போன வாரம் எத்தனை நாள் மனசு கஷ்டப்பட்டீங்க?" என்று கேட்டேன். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் பல் குத்திக்கொண்டிருந்த வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்:

"ஒரு நாளும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்கா, எழுதிக்குங்க!"

தகர டப்பா

முறையை மாற்றினேன். வாயால் சொல்லவே வேண்டாம். கையில் ஏழு புளியங்கொட்டை கொடுப்பேன். கஷ்டப்பட்ட நாளுக்கு ஒன்றாக, மூடிய பிஸ்கட் டப்பாவின் துளையில் போட வேண்டும். யாருக்கும் தெரியாது.

பெருமையோடு வேதாரண்யம் பக்கம் போனேன். நடவு வேலைக்குப் போகிற செல்வியின் வீடு. மாமியாரை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே தணிந்த குரலில் கேள்வியைப் படித்தேன். செல்வி யோசிக்கவே இல்லை. ணங், ணங், ணங்... ஏழும் உள்ளே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி வாசலிலிருந்து வந்தது. "ஏழு விழுந்துச்சு. அப்படி என்னடி ஏழு?"

தகரம் காட்டிக்கொடுக்கும் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் பஸ் ஏறிவிடுவேன். இவள் இந்த வீட்டில்தானே இருக்க வேண்டும்? முகம் வெளுத்துப்போன செல்வி, நான் வாயைத் திறக்குமுன் சமாளித்தாள்:

"போன வாரம் சிரிச்ச நாளைப் போடச் சொன்னாங்க, அத்தை!"

துணிப்பை

மூச்சு வந்தது. ஆனால் பட்டியலில் அடுத்த பெயர் மாமியாருடையது. கேள்வியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். தாளில் இருப்பதை அப்படியே படித்தால் செல்வி மாட்டிக்கொள்வாள்.

டப்பாவை ஒளித்துவிட்டு, மாமியாரிடம் வேறு ஏழு கொட்டையைக் கொடுத்து, என் துணிப்பையை நீட்டினேன். 'சிரிச்ச நாள்' என்றே படித்துவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா தாளை என் கையிலிருந்து வாங்கி, விரல் வைத்து வரி வரியாகப் படித்துவிட்டார்.

செல்வி போயிருந்த அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒவ்வொன்றாக ஏழையும் பைக்குள் போட்டார். சத்தமே இல்லை. தாளை மடித்துக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

"அவ சிரிச்ச மாதிரிதான் நானும் சிரிச்சேன். எழுதிக்கம்மா."

இத்தனை வருஷ ஆராய்ச்சியில் நான் கண்ட முன்னேற்றம், தகரத்தை எடுத்துவிட்டுத் துணியை வைத்தது ஒன்றுதான்.