இறங்கி ஓடிய நாலு மாதம்

காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு தேறிவிட்டேன். ஓட்டம்தான் பாக்கி. வயது வரம்புப்படி எனக்கு அதுவே கடைசி வாய்ப்பு. அதனால் தினமும் விடிந்ததும் எங்கள் மலையிலிருந்து கீழே போகும் குப்பனூர் சாலையில் இறக்கத்தில் ஓடுவேன். மூச்சு வாங்காது, காலும் தானாகப் போகும். திரும்பி ஏற யாருக்குத் தெம்பு? கீழேயிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். மலைக்காரிக்கு ஓட்டமெல்லாம் ஒரு விஷயமா என்ற திமிர் வேறு.

மூன்றாம் மாதம் முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கம் வலித்தது. முதலில் ஓட ஆரம்பிக்கும்போது மட்டும். பிறகு ஓடி முடித்த பின்பும். கடைசியில் காலையில் பாயைவிட்டு எழுந்து முதல் அடி வைக்கவே பயமாக இருந்தது. அப்படியும் ஓடினேன்.

சேலத்தில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு அம்மாவிடம் போனேன். அவர் கட்டைவிரலால் எலும்பை அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கத்திவிட்டேன்.

"ஏறும்போது வலிக்குதுங்களா, இறங்கும்போதா?"

"ஏறுறதே இல்லீங்க. பஸ்ல வந்துருவேன்."

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நாலு மாசமா வெறும் இறக்கத்துலயா ஓடுனீங்க? ஒவ்வொரு அடிக்கும் மொத்தக் கனமும் அந்த எலும்புலதானுங்க விழுகும். இனியும் ஓடுனா விரிசல் விட்டுரும்."

ஓடக்கூடாது, ஐஸ் வைக்க வேண்டும், படியில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். மார்கழிக் குளிரில் பல் கிட்டிக்க ஐஸ் வைத்து உட்கார்ந்திருப்பேன். "வூடே ஐஸ்பெட்டியாட்டம் கெடக்குது, இதுல காலுக்கு வேறயா கண்ணு?" என்பாள் என் அம்மா. சிரிக்கக்கூடத் தெம்பில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

ஓட்டத் தேர்வன்று ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப் வரை போனேன். சேலம் பஸ்ஸின் படியில் கால் வைத்ததுமே சுள்ளென்றது. இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று அழுகை வரவில்லை. தூங்கினேன்.

பிறகு, பிசியோதெரபி அம்மா சொன்னபடி, முன்பு செய்ததை அப்படியே தலைகீழாகச் செய்தேன். பஸ்ஸில் மலையிறங்கிப் போய், ஏற்றத்தில் நடந்து வந்தேன். முதல் வாரம் ஒரு வளைவு, அடுத்த வாரம் இரண்டு. எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரியாது.

ஒருநாள் பாதி ஏற்றத்தில் பின்னாலிருந்து பஸ் வந்து நின்றது. தினமும் என்னை ஏற்றிவந்த கண்டக்டர்தான்.

"ஏனுங்க அம்மணி, ஏறுலீங்களா? ஆமா, ஓட்டம் எப்பங்க?"

"முடிஞ்சு போச்சுங்க. நான் போகலீங்க."

"அட, அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க."

சரிங்க என்று தலையாட்டினேன். பஸ் போய்விட்டது.

குனிந்து, அந்த அம்மா அழுத்திய அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். வலிக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். துளிகூட இல்லை. ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதேன்.